பதிவாகாத குளிர்

டிரைவர் அழத் தொடங்கியதும் மாமா தன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார். அழுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. இன்சூரன்ஸ் கம்பெனியில் எரிந்த கடை, மூழ்கிய லாரி, காணாமல் போன நகை என்று பொய்க் கணக்குகளைப் பிடித்தே தலை நரைத்தவர். அங்கே அவர் முன்னால் அழுதவர்களில் முக்கால்வாசிப் பேர் தாங்களே தீ வைத்தவர்கள்.

ஓய்வு பெற்றதும் வீட்டில் சும்மா இருங்கள் என்றால் கேட்கிற ஆளா அவர்? வாசலில் ‘துப்பறியும் நிலையம்’ என்று பலகை மாட்டினார். உதவியாளருக்குச் சம்பளம் கொடுக்க மனசு வரவில்லை. வீட்டில் வாய் ஓயாமல் கேள்வி கேட்கிற ஒருத்தி சும்மா கிடைத்தாள். அவருடைய மருமகளாகிய நான்தான் அவள்.

“வண்டிய எங்கயும் நிறுத்தல சார். ஒண்ணுக்குப் போகக்கூட எறங்கல,” என்றார் டிரைவர். “ஒரு உசுரு விஷயம்னு சொல்லித்தான் ஏத்தி விட்டாங்க. நான் போய் வழியில நிறுத்துவேனா?”

“சார், மூக்கத் தொடச்சுக்கிட்டுச் சொல்லுங்க. எங்க மாமாவுக்குக் கண்ணீரப் பாத்தா காது கேக்காது,” என்றேன்.

விஷயம் இதுதான். லிஃப்ட் மெக்கானிக் ஒருவருடைய தங்கை, பள்ளிக்கூட டீச்சர். ரத்தப் புற்றுநோய். இருக்கிற மருந்தெல்லாம் கைவிட்ட பிறகு, புதிதாக ஒரு சிகிச்சையில் சேர்த்துக்கொண்டார்கள். நோயாளியின் ரத்தத்திலிருந்தே வெள்ளை அணுக்களைப் பிரித்து, தொழிற்சாலைக்கு அனுப்பி, புற்றுநோயை அடையாளம் கண்டு அடிக்கும்படி அவற்றை மாற்றி, உறைய வைத்து, திரும்ப அதே ஆளுக்கு ஏற்றுவது. அவரவர் பை அவரவருக்கு மட்டும். இந்த மருந்துக்கு இன்னும் அரசு அனுமதி கிடைக்கவில்லை. சோதனை முறையில் கொடுத்துப் பார்க்கிறார்கள். அந்தச் சோதனையில் கடைசி ஆள் டீச்சர்.

பை வந்தது, பெரிய எஃகு உருளைக்குள். உருளையின் மூடியில் கையகலத்துக்கு ஒரு பெட்டி. உள்ளே போகும் கம்பி வழியாகக் குளிரை அளந்து, கிளம்பியதிலிருந்து வந்து சேரும் வரை விடாமல் பதிவு செய்வது அதன் வேலை. ஆஸ்பத்திரியில் அதைப் படித்துப் பார்த்தபோது நடுவில் ஒரு துண்டு காலி. ஒரு ஆள் நிதானமாகச் சாப்பிட்டு எழுந்திருக்கிற நேரத்துக்குப் பதிவே இல்லை. குளிருக்குச் சாட்சி இல்லாத பையை ஏற்றக் கூடாது என்பது விதி. இன்னொரு பை செய்யலாம். ஆனால் அதுவரை டீச்சர் தாங்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் அந்தப் பை ஆஸ்பத்திரியின் உறைபெட்டியில், ஏற்றவும் முடியாமல் எறியவும் முடியாமல் பூட்டிக் கிடந்தது.

ஆஸ்பத்திரி, மருந்து செய்த கம்பெனியைக் கை காட்டியது. கம்பெனி, உருளையை ஏற்றி வந்த டிரைவரைக் கை காட்டியது. டிரைவருக்குக் கை காட்ட ஆள் இல்லாததால் எங்கள் முன்னால் உட்கார்ந்து அழுதார்.

ஒரே ஒரு கதவுதான் பாதி திறந்திருந்தது. மருந்து அனுமதி அலுவலகத்தின் அதிகாரி அம்மா மெக்கானிக்கிடம் சொல்லியிருந்தார். அந்த இடைவெளியில் உருளை எங்கே இருந்தது, பதிவு ஏன் நின்றது என்று தெளிவாகச் சொல்ல முடிந்தால் சிறப்பு அனுமதி கொடுக்கப் பார்க்கிறேன் என்று. மெக்கானிக் நேராக எங்கள் பலகைக்குக் கீழே வந்து நின்றார்.

மாமா எழுந்து வாசலுக்கு வந்து, மெக்கானிக் கொடுத்திருந்த பதிவின் நகலை டிரைவருடைய வண்டியின் முகப்பில் விரித்தார். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு.

“மேல இருக்கிறது குளிரு. கீழ என்னம்மா?”

“குலுக்கல்,” என்றேன். “பெட்டி அதையும் சேத்துப் பதியுது. யாராவது உருளையக் கீழ போட்டா தெரியணுமில்ல.”

“இடைவெளிக்கு முன்னாடி பாரு.”

கீழ்க்கோடு வழி நெடுக எகிறிக் குதித்திருந்தது. இடைவெளிக்குச் சற்று முன்னால் பொட்டென்று அடங்கி, ஒரே நேர்கோடு. இடைவெளிக்குப் பிறகும் அதே நேர்கோடு.

“மாமா, நம்ம ரோட்டுல ஒரு வண்டி இவ்வளவு அமைதியா ஓடுச்சுன்னா அது வண்டி இல்ல, கனவு.”

“அப்போ வண்டி நின்னிருக்கணும். இவரு நிறுத்தவே இல்லைங்கிறாரு.”

“ரெண்டும் உண்மைன்னா?”

மாமா டிரைவரைப் பார்த்தார். “உருளைய ஆஸ்பத்திரியில எறக்கினப்புறம் உடனே உள்ள எடுத்துட்டாங்களா?”

டிரைவர் மூக்கை உறிஞ்சினார். “இல்ல சார். மருந்தாளர் சாப்பிடப் போயிருந்தாரு. பொருள் வாங்குற ரூம்ல வச்சேன். செக்யூரிட்டி கையெழுத்து போட்டாரு, நான் கெளம்பிட்டேன்.”

பெட்டியின் கடிகாரத்துக்கும் நம் ஊர் நேரத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. எங்கோ யாரோ திருகி வைத்தது. அதனால் எல்லாரும் அவரவர் வசதிக்குக் கணக்குப் போட்டு, பழியை ரோட்டின் மேல் போட்டிருந்தார்கள். பதிவு நின்றது ரோட்டில் இல்லை, ஆஸ்பத்திரிக்குள்ளேயே. டிரைவரை வீட்டுக்குப் போகச் சொன்னோம். அவர் மறுபடியும் அழுதார், இந்த முறை சந்தோஷத்தில். மாமா அதற்குள் ஆட்டோவில் ஏறிவிட்டார்.

*

கம்பெனிக்காரரின் அறையில் பை வந்த உருளையைவிடக் குளிர் அதிகம். மேலாளராம். எங்களுக்கு நாற்காலி காட்டிவிட்டு, “எங்களுக்கு ரொம்ப வருத்தம்,” என்றார். வருவதாகச் சொன்ன மாமியார் வரவில்லை என்று தெரிந்தவரின் முகத்தில்தான் அப்படி ஒரு வருத்தத்தைப் பார்க்க முடியும்.

“அனுமதிக் குழு எப்போ கூடுது?” மாமா கேட்டார்.

“அடுத்த வாரம் சார். எல்லா முடிவுகளையும் சமர்ப்பிச்சாச்சு. டீச்சர் மட்டும்தான் பாக்கி.”

“டீச்சருக்கு ஏத்தலைன்னா உங்களுக்கு ஒரு ஆள் குறையுமே,” என்றேன்.

“குறையாதும்மா. யாருக்கு ஏத்தினோமோ அவங்களத்தான் கணக்குல எடுப்போம். எத்தனை பேருக்கு ஏத்தினோம், அதுல எத்தனை பேர் பிழைச்சாங்க. அவ்வளவுதான். இவங்களுக்கு ஏத்தவே இல்லையே. அப்போ கணக்குக்கு வெளிய.”

“ஏத்தி, அப்புறம் அவங்க தவறிட்டா?”

அவர் மேசையில் இருந்த பேனாவை நேராக வைத்தார். “அது கணக்குல வரும்.”

“இப்போ எப்படி, பிழைச்சவங்க எண்ணிக்கை தாராளமா இருக்கா, இழுபறியா?” மாமா கேட்டார்.

“சார், இதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது.”

“சரி, இழுபறி,” என்றார் மாமா.

அணுக்களை எடுத்த பிறகு டீச்சரின் நிலை மோசமாகிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் தெரியும். அவர் பிழைத்தால் லாபம்தான். ஏற்றிய பிறகு செத்தால் நஷ்டம். ஏற்றாமல் செத்தால் ஒன்றுமே இல்லை, அப்படி ஒரு ஆள் வந்ததே இல்லை. எந்தப் படுபாவி உட்கார்ந்து இப்படிக் கணக்குப் போடக் கற்றுக்கொடுத்தானோ.

அலமாரியில் அதே மாதிரி ஒரு பதிவுப் பெட்டி இருந்தது. மாமா எடுத்தார், திருப்பினார், யாரையும் கேட்காமல் கம்பியைப் பிடுங்கினார்.

பெட்டி வீல் என்று அலறியது. பக்கத்து அறைகளிலிருந்து நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். கம்பெனிக்காரர் காதைப் பொத்திக்கொண்டு யாருக்கோ போன் போட்டார். ஒரு டெக்னீஷியன் மடிக்கணினியோடு வந்து எதையோ தட்டி அதை அடக்கினார்.

“கம்ப்யூட்டர்லதான் நிறுத்துவீங்களா? மேலயே ஒரு பொத்தான் இருக்கே,” மாமா கேட்டார். மணிப் படம் போட்டுக் குறுக்கே கோடு கிழித்த சின்னப் பொத்தான்.

“அதுவா சார்? நாங்க தொட்டதே இல்ல. இத செய்யிற கம்பெனி ஆஸ்பத்திரிக்கு டிரிப் மெஷினும் செய்யுது. எல்லாத்துலயும் அந்தப் பொத்தான் இருக்கும்.”

வெளியே வந்ததும் நான் பொரிந்து தள்ளினேன். “இந்த ஆளுதான் மாமா. மூஞ்சியப் பாத்தீங்கல்ல. டீச்சர் கணக்குல வராம இருந்தா இவனுக்குத்தான் நல்லது.”

“ஆசை இருந்திருக்கு. விரல் இவரோடது இல்ல,” என்றார் மாமா. “இந்தப் பெட்டி போட்ட கூச்சல்ல கட்டடமே கூடிடுச்சு. ஆஸ்பத்திரியில பொருள் வாங்குற ரூம் வாசல்லயே செக்யூரிட்டி உக்காந்திருக்கான். அன்னைக்கு அவன் காதுல விழுந்துச்சான்னு போய்க் கேப்போம்.”

*

செக்யூரிட்டி எதையும் கேட்கவில்லை என்றார். “சத்தம் கேட்டா நான் உள்ள போயிருக்க மாட்டேனா? ரூம்ல வெளியாள் யாருமே இல்ல. டீச்சரோட அண்ணன் வந்து உருளையத் தொட்டுப் பாத்தாரு, தங்கச்சிகிட்ட சொல்றேன்னு மேல ஓடினாரு. அப்புறம் சங்கத்து அக்கா. அவங்க எப்பவும் வருவாங்க.”

நோயாளிகளின் குடும்பங்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. அதை நடத்துகிறவர் அந்த அக்கா. எந்த நோயாளிக்கு உருளை வந்தாலும், அதை உள்ளே எடுக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்து காவல் இருப்பாராம். அனுமதி அலுவலகம் கூட்டம் போட்டால் நோயாளிகள் சார்பில் போய்ப் பேசுகிறவரும் அவரே. செக்யூரிட்டி அவரைப் பற்றிச் சொல்லும்போது எழுந்து நின்றுகொண்டார்.

“நல்லவங்க பட்டியல்ல சேத்துக்கலாம்,” என்றேன். மாமா படியேறினார்.

டீச்சர் தூங்கிக்கொண்டிருந்தார். தலையில் ஒரு பருத்தித் துணி, கையில் ஊசி, பக்கத்தில் டிரிப் மெஷின். கட்டிலோரம் நின்றிருந்த மெக்கானிக் எங்களைப் பார்த்ததும் வாயில் விரல் வைத்தார். சத்தம் போடாதீர்கள் என்று ஜாடை.

பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். பாட்டிலில் மருந்து முடியப்போவதைப் பார்த்தவர், மெஷின் பக்கம் கையை நீட்டி ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டார். பாட்டில் காலியானது. மெஷின் முனகக்கூட இல்லை. டீச்சர் தூக்கத்திலேயே தலையைத் திருப்பிக்கொண்டார். மெக்கானிக் நிதானமாகப் போய் நர்ஸைக் கூட்டி வந்தார்.

மணிப் படம் போட்ட பொத்தான் அது. உருளை பக்கத்தில் இருந்த இரண்டு பேரில் இவரும் ஒருவர். எங்களை வேலைக்கு வைத்தவரே இவர்தான்.

தாழ்வாரத்துக்கு வந்ததும் என்னால் அடக்க முடியவில்லை. “அண்ணே, அந்தப் பொத்தான் வித்தைய யாரு சொல்லிக் குடுத்தா?”

“எதும்மா? ஓ, அதா.” அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். “நர்ஸுங்க திட்டுவாங்க, சொல்லிடாதீங்க. அவங்க மெஷின் கத்தினப்புறம்தான் வந்து அமுக்குவாங்க. அதுக்குள்ள தூங்குறவங்க முழிச்சுக்கிறாங்க. இவ தூங்குறதே கோழித் தூக்கம். அதான் கத்துறதுக்கு முன்னாடியே பிடிச்சுக்கிறது. கூட இருக்கிற நாங்க எல்லாரும் அப்படித்தான் செய்யிறோம். சங்கத்து அக்கா சொல்லிக் குடுத்தாங்க.”

“அக்காவுக்கு எப்படித் தெரியும்?” மாமா மெல்லக் கேட்டார்.

“வருஷக்கணக்கா இங்கயே கெடக்காங்களே. அவங்க பையன் அந்தக் கடைசிக் கட்டில்ல இருக்கான். அவனுக்கும் இதே வியாதிதான்.”

“அவனுக்கு இந்தப் பை ஏத்தலையா?”

“சோதனையில இடம் முடிஞ்சுடுச்சு சார். கடைசி இடத்துக்கு ரெண்டு பேரோட பேரு இருந்துச்சு. எங்க தங்கச்சிக்குக் கெடச்சுது. அவனுக்கு இனிமே அனுமதி வந்தாத்தான். ஆனா அக்கா ஒரு வார்த்தை முகம் சுளிக்கலம்மா. அன்னைக்கு ராத்திரி பூரா என் தங்கச்சி கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க.”

மாமா கடைசிக் கட்டிலைப் பார்த்தார். ஒல்லியாக ஒரு பையன், சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். பெட்டி கத்தாமல் நின்றதற்கு ஒரே வழிதான் உண்டு. கத்துவதற்கு முன்பே யாரோ அந்தப் பொத்தானைப் பிடித்திருக்க வேண்டும். டிரைவருக்கு அது தெரியாது, கம்பெனிக்குத் தெரியாது, நர்ஸுக்கு அந்தப் பழக்கம் இல்லை, மெக்கானிக் உருளையைத் தொட்ட கையோடு மேலே ஓடிவிட்டார். தூங்குகிற பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பழகிய கைக்கு மட்டும் தெரியும்.

நல்லவர் பட்டியலில் நானே சேர்த்த ஆள்.

*

அக்கா மாடிப்படி வளைவில் உட்கார்ந்து மகனின் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார். என் அம்மா வயசு. மாமா இரண்டு படி கீழே நின்று, பதிவின் நகலை அவர் மடியில் வைத்தார்.

அக்கா காலியாக இருந்த இடத்தை விரலால் தடவினார்.

“நான்தான்,” என்றார்.

எந்தக் கதையிலும் குற்றவாளி இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்ள மாட்டான். மாமாவே தடுமாறிப் போனார்.

“ஏன்க்கா?” என்று நான்தான் கேட்டேன்.

“உனக்குத்தான் தெரிஞ்சிருக்குமே. அவளுக்கு ஏத்தி அவ போயிட்டா, மருந்துக்கு அனுமதி வராது. கூட்டத்துல உக்காந்து உக்காந்து எனக்கு அந்தக் கணக்கு மனப்பாடம். அனுமதி வரலைன்னா என் பையன் மட்டும் இல்ல, இந்த வார்டுல பாதிக் கட்டிலு காலி.” துண்டை மறுபடி விரித்து மறுபடி மடித்தார். “அவ எப்படியும் போயிடுவான்னு நெனச்சேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பொத்தானப் பிடிச்சேன், கம்பியக் கழட்டினேன். மூடியத் தொடல. சத்தியமாத் தொடல.”

“திரும்ப ஏன் மாட்டினீங்க?” மாமா கேட்டார். “கழட்டினது கழட்டினதாவே இருந்திருக்கலாமே.”

“உருளை மேல அவ பேரு ஒட்டியிருந்துச்சு.” அக்காவின் குரல் இறங்கியது. “பாத்துக்கிட்டே இருந்தேன். முடியல. மாட்டிட்டேன். மாட்டினா சரியாப் போயிடும்னு நெனச்சேன் சார். அந்தச் சின்ன இடைவெளிக்கே வேண்டாம்னுடுவாங்கன்னு... தெரியும், ஆனா அந்த நேரத்துல தோணல.”

“அப்புறமாவது வந்து சொல்லியிருக்கலாம். அந்த அண்ணன் தெருத்தெருவா அலைஞ்சிருக்காரு.”

“சொன்னா அவளுக்கு ஏறாது.”

“என்னது?”

“கம்பி தானாக் கழண்டுதுன்னா அதிகாரி அம்மா அனுமதி குடுக்க வழி இருக்கு. ஒரு ஆளு கழட்டினான்னு தெரிஞ்சா வழி கெடையாது. விதி அப்படி. என் வாயத் தொறந்தா அவள நானே கொன்ன மாதிரி.” அக்கா மாமாவின் முகத்தை நேராகப் பார்த்தார். “உருளை பொருள் வாங்குற ரூம்லதான் இருந்துச்சு, கம்பி தளர்ந்து கழண்டிருக்கு, யாரோ பாத்துட்டு மாட்டிட்டாங்கன்னு சொல்லிடுங்க சார். ஏத்திடுவாங்க. அப்புறம் என்னைப் போலீஸ்ல குடுங்க, தூக்குல போடுங்க, எது வேணா செய்யுங்க.”

மாமாவின் முகம் இறுகியது. இந்த மாதிரிப் பேச்சை அவர் வேலைக்காலம் முழுக்கக் கேட்டவர். எரிந்த கடைக்குள் நின்றுகொண்டு, உண்மையைச் சொன்னால் என் தொழிலாளிகள் பட்டினி கிடப்பார்கள் சார் என்று கும்பிட்டவர்களையெல்லாம் பார்த்தவர்.

“குத்தம் செஞ்சவங்க எல்லாருமே வாய மூடிக்கிறதுக்கு ஒரு நல்ல காரணம் வச்சிருப்பாங்கம்மா,” என்றார். “அதிகாரி கேட்டது ரெண்டு கேள்வி. எங்க இருந்துச்சு, ஏன் நின்னுச்சு. ரெண்டுக்கும் பதில் கெடச்சாச்சு.”

ஆட்டோவில் நான் கேட்டேன். “மாமா, அந்தக்கா சொல்றது நிஜமா இருந்தா? முதல்ல போன்ல சும்மா, இப்படி இருந்தா என்ன ஆகும்னு கேட்டுப் பாக்கலாமே.”

“நிஜத்தச் சொன்னா மூடின கதவு தெறக்கும். பொய்ய வச்சுக் கேட்டா நாளைக்கு ஏத்துறப்போ மறுபடி யாராவது தோண்டுவாங்க. அவ தன்னைக் காப்பாத்திக்கப் பேசுறா.”

நான் வாயை மூடிக்கொண்டேன். ஊரையே கிண்டல் பண்ணுகிற வாய் அந்த நேரத்தில் பார்த்து மூடிக்கொண்டது. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

*

அதிகாரி அம்மாவின் அறையில் இரண்டு மேசைகள். ஒன்றில் அவர், இன்னொன்றில் வருகிறவர்கள் பேசுவதையெல்லாம் தட்டச்சு செய்யும் குமாஸ்தா. மெக்கானிக்கை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனோம்.

மாமா தெளிவாகச் சொன்னார். குலுக்கல் கோடு, பொத்தான், அக்கா, கழட்டியது, மாட்டியது, எல்லாம். குமாஸ்தாவின் விரல்கள் கூடவே ஓடின. முதலில் தலையாட்டிக்கொண்டு வந்த அதிகாரி அம்மா, ‘கழட்டினாங்க’ என்ற இடத்தில் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“யாரோ வேணும்னே கழட்டியிருக்காங்க. அப்படித்தானே சொல்றீங்க?”

“ஆமாம்மா. ஆனா மூடியத் தொடல. குளிர் விட்டிருக்க வாய்ப்பே இல்ல.”

“ஐயா,” என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. “பதிவு கெட்டுப்போச்சுன்னா அது விபத்து. விபத்துன்னா என் பொறுப்புல கையெழுத்துப் போட எனக்கு அதிகாரம் இருக்கு. அந்தக் கடிதாசிய நேத்தே தயார் பண்ணி வச்சிருக்கேன். ஆனா ஆள் கை வச்சிருக்குன்னா என் அதிகாரம் அங்கயே முடிஞ்சுது.”

“மூடியத் தொடலைன்னு அவங்களே சொல்றாங்களே.”

“கை வச்சவங்க சொல்றாங்க. வேற எதையும் செய்யலைன்னு யாரு உறுதி குடுக்கிறது? இந்த விதிய எழுதினப்போ நானும் இருந்தேன். எங்கயோ ஒரு மருந்துல எவனோ எதையோ கலந்து நாலு பேரு செத்தாங்க. அதுக்கப்புறம் எழுதினது. அது சரியான விதிதான்.” தயாராக இருந்த கடிதத்தை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். “இனிமே அது மருந்து இல்ல. வழக்குச் சாட்சிப் பொருள். போலீஸ் வந்து எடுத்துக்குவாங்க.”

நான் குமாஸ்தாவின் திரையைப் பார்த்தேன். “அம்மா, இப்போ சொன்னத நாங்க சொல்லவே இல்லைன்னு வச்சுக்கங்க.”

“கேட்டத எப்படிம்மா கேக்காம இருக்கிறது? தட்டச்சும் ஆயிடுச்சு.” அவர் மாமாவைப் பார்த்தார். “போன்லயாவது ஜாடையா ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்கன்னா நானும் ஜாடையாச் சொல்லியிருப்பேன். எதுக்குய்யா இவ்வளவு நல்லாத் துப்பறிஞ்சீங்க?”

பொய்யர்கள் முன்னால் ஒருநாளும் வார்த்தைக்குத் திண்டாடாத மாமா, உண்மை பேசிய இரண்டு பெண்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

“அனுமதிக் குழு?” என்று நான் கேட்டேன்.

“கூடும். டீச்சர் கணக்குல வர மாட்டாங்க. மருந்துக்கு அனுமதி கெடைக்கும்னுதான் நெனைக்கிறேன்.”

அக்கா எதற்காகக் கை வைத்தாரோ அது நடக்கப்போகிறது. பிறகு மனசு மாறிக் கம்பியைத் திரும்ப மாட்டியும் அது நடக்கப்போகிறது. மிச்சத்தை முடித்து வைத்த கை எங்களுடையது.

வெளியே மெக்கானிக் எழுந்து நின்றார். எங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் எங்கள் கையைப் பார்த்தார், ஏதாவது கடிதம் இருக்கிறதா என்று.

மாமாவால் முடியவில்லை. நான்தான் சொன்னேன். யார், ஏன், என்ன விதி, எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே சொன்னேன். சுற்றி வளைக்கத் தோன்றவில்லை. அக்காவை அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. எங்களைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“கண்டுபிடிக்கச் சொன்னது நான்தானே,” என்றார் கடைசியில்.

பெஞ்சில் உட்கார்ந்து, முட்டியில் கையை ஊன்றிக்கொண்டார். வேலைக்காரனுடைய கை, நகத்துக்குள் கறுப்பு எண்ணெய்.

“இப்போ போனா தங்கச்சி முழிச்சிருப்பா. முதல்ல அதத்தான் கேப்பா. யாருன்னு தெரிஞ்சுதா அண்ணான்னு. அந்தக்கா கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் இன்னும் தூங்குறா.” அவர் மாமாவை நிமிர்ந்து பார்த்தார். “நான் என்னன்னு சார் சொல்லட்டும்?”

“கண்டுபிடிக்க முடியலைன்னு சொல்லுங்க,” என்றார் மாமா.